மலையில் ஒரு வீடு: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

தருமபுரி மாவட்டத்தில் பணி ஓய்வு பெறும் ஆசிரியர்கள், அரசு அலுவலர்கள், வங்கி ஊழியர்கள் பலருக்குப் பணிக்கொடையும் ஓய்வூதியத் தொகுப்புத் தொகையும் கைக்கு வந்ததும் ஓர் ஆசை எழுகிறது. ஏற்காட்டில் சிறியதாக ஒரு வீடு வாங்கலாமா, வத்தல்மலைப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிக் கட்டலாமா என்று யோசிக்கிறார்கள். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் இக்கேள்வி என்னிடமும் அடிக்கடி வருகிறது.

ஆசையில் குறை காண ஏதுமில்லை. சித்திரை வெயிலில் தகிக்கும் ஊரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், காப்பியும் மிளகும் விளையும் வத்தல்மலை இருக்கிறது. சேலம் வழியாகச் சென்றால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. முப்பது ஆண்டுகள் உழைத்தவர் குளிர்ந்த காற்றை விரும்புவது நியாயமே. ஆனால், குளிர்ந்த காற்றை அனுபவிப்பதும் அங்கே ஒரு வீட்டுக்கு உரிமையாளர் ஆவதும் வெவ்வேறு. முன்னது செலவு, பின்னது முதலீடு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அதுவும் பெரும்பாலும் செலவுதான்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மலையில் ஒரு வீட்டின் விலை ரூ.30 லட்சம் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் என மொத்தம் 9 விழுக்காடு. முழு விலைக்குப் பத்திரம் எழுதினால் அதுவே ரூ.2.70 லட்சம். பத்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு ரூ.27,000.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத செலவு. பொருளாதாரத்தில் இதை வாய்ப்புச் செலவு என்போம். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் நாம் இழக்கும் மற்றொன்றின் பலன் அது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் ரூ.30 லட்சமாகவும், வட்டி 8.2 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டன. அந்த விகிதத்தில் ரூ.30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு ரூ.61,500, அதாவது ஆண்டுக்கு ரூ.2,46,000 வட்டி கிடைக்கும். வீடு வாங்கியவர் இந்த வருமானத்தை விட்டுக்கொடுக்கிறார்.

காவலுக்கு ஒருவரை வைத்தால் மாதம் ரூ.6,000 வீதம் ஆண்டுக்கு ரூ.72,000. வெள்ளையடிப்பு, பழுது, சொத்து வரி, மின் கட்டணம் முதலியவற்றுக்கு ரூ.48,000. எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு ரூ.3,93,000. ஆண்டில் 40 இரவுகள் அங்கே தங்கினால் ஓர் இரவுக்கு ரூ.9,825 ஆகிறது. ஓர் இரவுக்கு ரூ.3,000 கொடுத்து நல்ல அறை எடுத்தால் அதே 40 இரவுகளுக்கு ரூ.1,20,000தான்.

'நிலத்தின் விலை ஏறுமே' என்பது உடனே எழும் மறுப்பு. சரியான மறுப்புதான். ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறும் என்றே கொள்வோம். ரூ.1,80,000ஐக் கழித்தாலும் ரூ.2,13,000 எஞ்சுகிறது. இதை ரூ.3,000ஆல் வகுத்தால் 71. விலை ஏறாமலே போனால் 131. அதாவது, ஆண்டுக்கு எழுபதிலிருந்து நூற்றுமுப்பது இரவுகளாவது தங்குபவருக்கே சொந்த வீடு கட்டுப்படியாகும். வட்டிக்கு வருமான வரி செலுத்துவோருக்கு இந்த எண் சற்றுக் குறையலாம்; ஆனால், சொத்தை விற்கும்போது கிடைக்கும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கும் 2024 ஜூலை 23 முதல் 12.5 விழுக்காடு வரி உண்டு. மேலும், ஏறுவது நிலத்தின் விலை; கட்டடம் ஆண்டுதோறும் தேய்கிறது.

வாசகர்கள் தத்தம் தொகைகளை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு எத்தனை இரவு என்ற கேள்விக்கு மட்டும் நேர்மையாக விடை சொல்ல வேண்டும். பேரக் குழந்தைகளின் பள்ளி விடுமுறை, உறவினர் திருமணங்கள், மருத்துவரைக் காணும் நாள்கள் ஆகியவற்றைக் கழித்த பின் எஞ்சும் நாள்களே உண்மையான எண்.

பணக் கணக்குக்கு அப்பாலும் சில உண்டு. முதலாவது நீர். தருமபுரியின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013இல் அது தொடங்கி வைக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருப்பது பற்களுக்கும் எலும்புகளுக்கும் கேடு. எனவே, மலையடிவாரத்திலோ ஒகேனக்கல் சாலையிலோ வீடு பார்ப்பவர் கூட்டுக் குடிநீர் இணைப்பு உண்டா, ஆழ்துளைக் கிணறு மட்டும்தானா என்று கேட்க வேண்டும். மலை மேல் வாங்குபவர் கோடையில் கிணற்றில் நீர் நிற்குமா என்று விசாரிக்க வேண்டும். மழைக்காலத்தில் பார்த்து வாங்கிய வீட்டின் குணம் மே மாதத்தில்தான் தெரியும்.

இரண்டாவது, பத்திரம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. பின்னர் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்கானது. ஏற்காடு போன்ற மலைப் பகுதிகளில் கட்டடம் கட்டக் கூடுதல் கட்டுப்பாடுகளும் உண்டு. வத்தல்மலை, மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் தலைமுறைகளாக வாழும் மண். அரசு நிபந்தனையுடன் ஒப்படைத்த நிலத்தை எவரும் எளிதாக விற்கவோ வாங்கவோ இயலாது. குறைந்த விலை என்பதற்காக நிபந்தனைப் பட்டா நிலத்தை வாங்குவது, வாங்குபவரின் சேமிப்பையும் விற்பவரின் வாழ்வாதாரத்தையும் ஒருங்கே பாழாக்கும்.

மூன்றாவது, முதுமை. அவ்வைக்கு நெடுநாள் வாழ நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. இன்று மருத்துவ வளர்ச்சியே நமக்கு நெல்லிக்கனி. இந்தியாவில் 60 வயதை எட்டியவர் சராசரியாக மேலும் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்கிறார். பெண்கள் சற்றுக் கூடுதலாகவே. மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளை 62 வயதில் ரசிக்கும் நாம், 75 வயதில் நள்ளிரவு நெஞ்சுவலியோடு அவ்வழியே இறங்க முடியுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பல குடும்பங்களில் பேசப்படாத ஒன்றும் உண்டு. வீடு கணவர் பெயரில் இருந்து அவர் உயில் எழுதாமல் மறைந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், கணவரின் தாய் உயிருடன் இருந்தால் அவர் என அனைவரும் பங்குதாரர்கள். ஒருவர் பெங்களூரிலும் மற்றொருவர் அமெரிக்காவிலும் இருக்க, அவசரச் செலவுக்கு அந்த வீட்டை விற்க அம்மையார் எல்லோருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க நேரும். மாறாக, கணவனும் மனைவியும் கூட்டாகத் தொடங்கிய மூத்த குடிமக்கள் சேமிப்புக் கணக்கை மற்றவர் முதிர்வுக் காலம் வரை தொடரலாம். தேவைப்பட்டால் சிறு பிடித்தத்துடன் முன்கூட்டியே முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. சொந்த வீட்டை வைத்து முதியோர் மாத வருமானம் பெற உதவும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் கடன்கூட, நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்கே கிடைக்கும். அவ்வப்போது போய் வரும் வீட்டுக்குக் கிடைக்காது.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். நகரத்து வீட்டை விற்றுவிட்டு மலையிலேயே குடியேற உறுதி கொண்டவர், ஆண்டில் பாதியை அங்கே கழிப்பவர், வீட்டு விலை தம் மொத்தச் சேமிப்பில் கால் பங்கைத் தாண்டாதவர் ஆகியோர் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு என் யோசனை எளிது. முதல் இரண்டு ஆண்டுகள் வாடகைக்கு எடுங்கள். கோடையில் ஒரு மாதம், ஐப்பசி மழையில் ஒரு மாதம், மார்கழிக் குளிரில் ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். நீண்ட கால வாடகை எனில் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்யுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியுள்ளது.

தங்கிய இரவுகளை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். இரண்டு ஆண்டு முடிவில் அந்த எண் நூறைத் தாண்டினால், நீரும் பத்திரமும் சரியாக இருந்தால், வாழ்க்கைத் துணையும் மனமுவந்து இசைந்தால் வாங்குங்கள். பத்திரத்தில் இருவர் பெயரையும் சேருங்கள். தாண்டாவிட்டால், சேமிப்பு வங்கியிலோ அஞ்சலகத்திலோ இருக்கட்டும். அதன் வட்டியில் ஆண்டுதோறும் மலைக்குப் போய் வரலாம். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் முதலும் கையில் இருக்கும்.