எட்டுக் கால் உள்ள எறும்பு

மாமரத்தில் ஏறிய எவரும் முசுற்றை மறந்திருக்க மாட்டார்கள். கிளையில் கை பட்டதுமே ஓடி வந்து கவ்வும். கடித்த இடத்தில் பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அந்த எரிச்சலை மறந்துவிட்டுப் பார்த்தால், அது பெரிய நெசவாளி. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்கும். வேறு சில, தங்கள் இளம்புழுக்களை வாயில் ஏந்தி வரும். தறியில் நாடா ஓடுவதுபோல் அந்தப் புழு இங்கும் அங்கும் போய்வர, அது சுரக்கும் பட்டு இழையால் இலையோடு இலை தைக்கப்பட்டு வீடு எழும்பிவிடும்.

இந்த நெசவைப் படம் எடுக்கத்தான் ஒரு காலையில் மேக்ரோ லென்ஸோடு மரத்தடியில் நின்றேன். மாலையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வரிசைக்குச் சற்றுத் தள்ளி நின்ற ஓர் எறும்பின் கால்களை எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டேதான்.

அது எறும்பே இல்லை, தாவும் சிலந்தி. அதே செம்மண் நிறம், அதே ஒல்லி உடல், அதே நடை. எறும்புக்கு இரண்டு உணர்கொம்புகள் உண்டு, சிலந்திக்குக் கிடையாது. அதனால் இது முன்னங்கால் இரண்டையும் தலைக்கு முன்னே தூக்கி, உணர்கொம்பு ஆடுவதுபோலவே ஆட்டுகிறது. எறும்பின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி. சிலந்திக்கோ இரண்டே பகுதி. அந்தக் குறையை மறைக்க, இதன் முன்னுடலின் நடுவில் ஓர் இடுக்கம். தலை வேறு, மார்பு வேறு என்று நம் கண் நம்பிவிடுகிறது. எறும்புக்குக் கூட்டுக்கண் இருக்க வேண்டிய இடத்தில் இதற்கு ஒரு கரும்புள்ளி! ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள உடலில் இத்தனை நுணுக்கம்.

ஆண் சிலந்தியின் கதை இன்னும் வியப்பானது. அதன் தாடைகள் முன்னோக்கி நீண்டு நுனியில் பருத்திருக்கும். ஒரு முசுறு இன்னொரு சிறு முசுற்றைக் கவ்விக்கொண்டு போவதுபோல் தோன்றும். 

இந்த வேடம் முசுற்றை ஏமாற்ற அல்ல. முசுறு நெருங்கினால் சிலந்தி ஒதுங்கிக்கொள்ளும். தப்ப வழியில்லாவிட்டால் இழை விட்டுக் கீழே இறங்கிவிடும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் பிராணிகள் பலவும் முசுற்றைக் கண்டால் விலகிப் போகும். அந்த அச்சமே சிலந்திக்குக் கவசம்.

அதே மரத்தில் மூன்றாவதாக ஒருவரும் இருக்கலாம். ஒரு நண்டுச் சிலந்தியும் முசுறு வேடம் பூணுகிறது. அதன் பின்னுடலில் இரண்டு கரும்புள்ளிகள், எறும்பின் கண்களைப்போல. இது ஒளிந்து பிழைக்க வந்ததல்ல. முசுற்றையே பிடித்துத் தின்ன வந்தது. ஒரே தோற்றம், ஒருவருக்குக் கவசம், இன்னொருவருக்கு வலை. மரத்தை விட்டு அவரைப் பந்தலுக்குப் போனாலும் இதே அதிசயம்தான். அங்கே எறும்புபோல் ஓடும் ஒன்றுக்கு ஆறு கால்தான் இருக்கும். ஆனால் கடிக்கும் தாடைக்குப் பதிலாகச் சாறு உறிஞ்சும் ஊசிமூக்கு. அது காய்களைத் தாக்கும் நாவாய்ப்பூச்சியின் குஞ்சு.

ஆகவே பூச்சியைப் படம் எடுப்பவர் ஒரு படத்தோடு திருப்தி அடையக் கூடாது. இவ்வளவு நெருக்கத்தில் ஃபோகஸில் நிற்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். கண் தெளிந்தால் கால் மங்கும். கால் தெளிந்தால் கண் மங்கும். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என எடுக்க வேண்டும். முகம் முக்கியம். முன்வரிசையில் இரண்டு பெரிய கண்கள் விளக்குபோல் நம்மை நோக்கினால் அது தாவும் சிலந்தி. எந்தச் செடியில், எந்த மாதத்தில் கண்டோம் என்று குறித்து வைத்தால் அடையாளம் காண்பது எளிதாகும். இவ்வளவுக்குப் பிறகும் சில உயிர்களின் சிற்றினத்தைப் படத்தால் சொல்ல முடியாது. நுண்ணோக்கிக்குக் கீழே உறுப்புகளை ஆராய வேண்டியிருக்கும். அப்போது பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

பெயர் தெரிந்தவுடன் இன்னொரு கதவு திறக்கிறது. முசுற்றின் அறிவியல் பெயர் ஈக்கோஃபில்லா ஸ்மராக்டினா. முதற்சொல்லுக்கு இலைவீடு என்று பொருள். இரண்டாவது மரகதத்தைக் குறிக்கும். செந்நிற எறும்புக்கு மரகதப் பெயரா என்று வியக்க வேண்டாம். வட ஆஸ்திரேலியாவில் வாழும் இதே இனத்துக்கு வயிறு பச்சை. ராணி எறும்பும் பச்சை. நம் தாவும் சிலந்திக்கு 1869-இல் பெயர் சூட்டியவர் ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவர் தந்த பிளாட்டலியாய்டஸ் என்ற பெயருக்குக் கரண்டிவாயன் பறவையைப் போன்றது என்று பொருள். நுனி பருத்த அந்தத் தாடையைப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றாது.

கோயில் சிற்பத்தின் முன் நின்று சிற்பியின் உளியை வியக்கிறோம். சுண்டுவிரல் நகத்தில் அடங்கும் இந்த உயிரில் கரும்புள்ளியையும் இடுக்கத்தையும் அளந்து வைத்த கைவண்ணத்தை என்னவென்று சொல்வது? அதன் முன் மண்டியிட்டுத்தான் படம் எடுக்க வேண்டியிருக்கிறது. அதுவே சரியான வணக்கம் என்று எனக்குப் படுகிறது.

நாளைக் காலை வெயில் ஏறுமுன் உங்கள் வீட்டு மரத்தடிக்குப் போங்கள். குளிரூட்டி மயக்கியோ, கூட்டைப் பிய்த்தோ படம் எடுக்காதீர்கள், பொறுமையாக நில்லுங்கள். பிள்ளைகளையும் கூட அழைத்துப் போய், எறும்பின் கால்களை எண்ணச் சொல்லுங்கள்.