பகலில் விளையும் மின்சாரம்

சூரிய மின்தகடு பெரும்பாலும் சிலிக்கான் என்னும் தனிமத்தால் ஆனது. ஒளி பட்டவுடன் அதிலுள்ள எலக்ட்ரான்கள் விடுபட்டு ஓட, அந்த ஓட்டமே மின்சாரமாகிறது. இதனை ஒளிமின்னழுத்த விளைவு என்பர். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய சிலிக்கான் சூரியக்கலம், தன்மேல் விழுந்த ஒளியில் 6 விழுக்காட்டை மட்டுமே மின்சாரமாக்கியது. இன்று விற்பனையாகும் தகடுகளோ 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன.

தமிழ்நாட்டில் மொட்டை மாடியில் நிழல் விழாத 100 சதுர அடி இடம் இருந்தால் ஒரு கிலோவாட் தகடுகளைப் பொருத்தி, நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் வரை பெறலாம். வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் தகட்டுக்கு வேண்டியது ஒளியே தவிர வெப்பமன்று. சித்திரை நண்பகலில் தகடு 60 டிகிரி செல்சியசைத் தொடும்போது அதன் திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுவதால், அடியில் காற்றோட இடைவெளி விட்டே அதனைப் பொருத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலும், படியும் தூசியும், பறவைகளின் எச்சமும்கூட விளைச்சலைக் குறைப்பவையே.

ஆனால் பெரிய குறை நேரத்தைப் பற்றியது. வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஒருசேர இயங்கும் மாலையில் தகடு ஓய்ந்துவிடுகிறது. பகலின் மிகுதியை மின்கலத்தில் சேமிக்கலாம் என்றாலும் அதற்கான செலவு இன்னும் நடுத்தரக் குடும்பங்களுக்குச் சுமையாகவே உள்ளது. மின்கலம் இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, மின்தடை ஏற்பட்டால் நல்ல வெயிலிலும் தானே நின்றுவிடும். பழுது நீக்கக் கம்பத்தில் ஏறியிருப்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது என்பதைப் பொருத்துபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நிலத் தேவையும் ஒரு குறையே. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. இத்தனை நிலம் கேட்கும் தொழில்நுட்பத்துக்கு, ஏற்கெனவே கட்டப்பட்ட கூரைகளே முதல் இடமாக இருக்க வேண்டும்.

பகலிலேயே முடித்துவிடக்கூடிய வேலைகளுக்குத்தான் சூரிய மின்சாரம் மிகவும் பொருந்துகிறது. சூரிய பம்புசெட் அதற்குச் சிறந்த சான்று: வெயில் நேரத்தில் இறைத்த நீரைத் தொட்டியில் தேக்கிக்கொண்டால் மின்கலமே தேவைப்படாது, இரவில் மும்முனை மின்சாரத்துக்காக விழித்திருந்து வயலுக்குச் செல்லும் இடரும் நீங்கும். இறைக்கச் செலவில்லை என்பதால் கிணறு வற்றும்வரை இறைக்கும் அபாயமும் இதில் உண்டாகையால், சொட்டுநீர்ப் பாசனத்தோடு சேர்த்தே இந்தப் பம்புகளுக்கு மானியம் வழங்குவது முறையாகும்.