விரலில் தெரியுமா வேகம்?

கைரேகை பார்ப்பவருக்கு ரேகைதான் கணக்கு. விஞ்ஞானிகள் சிலர் ரேகையை விட்டுவிட்டு விரலை அளக்கிறார்கள். ஆள்காட்டி விரலின் நீளத்தை மோதிர விரலின் நீளத்தால் வகுத்தால் வருவது விரல் விகிதம். ஆண்களுக்குப் பெரும்பாலும் மோதிர விரல் சற்று நீளம். அதனால் அவர்களின் சராசரி விகிதம் பெண்களுடையதைவிடக் கொஞ்சம் குறைவு.

இந்த வித்தியாசம் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. 2011இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜெங்கும் கோனும் எலிக் கருக்களில் அதன் சூட்சுமத்தைப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நான்காம் விரலில், அதாவது நம் மோதிர விரலுக்கு ஈடான விரலில், அதிகம். அவற்றை முடக்கினால் அந்த விரல் குட்டையாகிறது. ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகளை முடக்கினால் நீள்கிறது.

கருவில் பட்ட ஹார்மோன் விளையாட்டுத் திறனிலும் தெரியுமா? பிரிட்டன் ஆய்வாளர் ஜான் மேனிங் 2001இல், தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் விகிதம் மற்றவர்களைவிடக் குறைவு என்று காட்டினார். பின்னர் ஓட்டம், படகுப் போட்டி என்று ஆய்வுகள் பெருகின. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தொடர்பு உண்டு, ஆனால் மெல்லியது. வீரருக்கு வீரர் உள்ள வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது விளக்காது.

நீங்களே அளந்து பாருங்கள். உள்ளங்கைப் பக்கம், விரலின் அடிமடிப்பிலிருந்து சதை நுனி வரை, நகம் சேராது. ஆள்காட்டி விரல் 68 மில்லிமீட்டர், மோதிர விரல் 71 என்றால் விகிதம் 0.96. ஸ்கேல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து 69 என்று காட்டினால் 0.97. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள சராசரி வித்தியாசமே ஏறக்குறைய இவ்வளவுதான். ஆயிரம் கைகளை அளந்தால் ஒரு போக்கு தெரியும். ஒரு பிள்ளையின் கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

திறமையைக் கண்டுகொள்ள வேறு வழி உண்டு. மதுரையை ஒட்டிய சக்கிமங்கலத்து ஓட்ட வீராங்கனை ரேவதி வீரமணி, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளிப் போட்டியில் செருப்பில்லாக் காலோடு ஓடிய அவரைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி தந்தார், ஷூ வாங்கித் தந்தார், கல்லூரியில் இடமும் பிடித்துத் தந்தார். 2021இல் 400 மீட்டரை 53.55 வினாடியில் ஓடி, டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்பு ரிலே அணிக்குத் தேர்வானார் ரேவதி. அந்தப் பெண்ணின் விரலை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. ஸ்டாப்வாட்ச் போதுமானதாக இருந்தது.