சமமும் ஒப்பும்: கணிப்பொறி மொழியில் ஏறத்தாழச் சமன் காணும் முறை

தொல்காப்பியர் உவமவியலில் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்தினார். எவ்வகையால் ஒத்தது எனக் கூறாது ஒத்தது என்று மட்டும் கூறுதல் நிரம்பாது என்பது இதனாற் போதரும். கணிப்பொறி மொழிகளில் சமக்குறியை மாற்றியமைத்தல் பற்றிய வினாவும் இத்தகையதே. அதனை ஈண்டு ஆராய்வாம்.

கணிப்பொறி பின்னங்களைப் பெரும்பாலும் இரண்டடிமான முறையில் வைக்கின்றது, இதற்குரிய ஐ.இ.இ.இ. 754 என்னும் நெறி 1985-இல் வகுக்கப்பட்டது. நம் பழைய கீழ்வாய் எண்களுள் அரை, கால், அரைக்கால், மாகாணி (1/16) ஆகியவற்றின் பகுதிகள் இரண்டின் பெருக்கங்களே. ஆதலின் அவை பிழையின்றி அமைகின்றன. மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) ஆகியவற்றின் பகுதிகளில் ஐந்து கலந்துள்ளது. ஆதலின் அவை சிறிது பிறழ்ந்தே பதிவாகும். இருமாவை, அஃதாவது 0.1-ஐ, ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து முறை கூட்டின் 0.9999999999999999 என வரும். ‘இஃது ஒன்றுக்குச் சமமா?’ என வினவின் ‘அன்று’ என்பதே விடை.

இக்குறை நீங்கச் சமக்குறிக்கே புதுப்பொருள் கற்பிக்கலாம் எனச் சிலர் கருதுவர். சி++, பைதான் முதலிய மொழிகள், நிரலர் தாமே வகுத்த பொருள்வகைக்கு இதனைச் செய்ய இடந்தருகின்றன. ஏ.பி.எல். மொழியோ சமக்குறியினுள்ளேயே ஒரு பொறுதியளவை, அஃதாவது பொறுக்கத்தக்க வேறுபாட்டின் எல்லையை, வைத்துள்ளது.

எனினும் இதில் ஓர் இடர் உண்டு. கம்மாபுரத்தை அடுத்த நெய்வேலியில் எடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரமே. மூன்று மாதிரிகளின் ஈரம் நூற்றுக்கு 52.0, 52.4, 52.8 எனவும், பொறுதி 0.5 எனவும் கொள்வோம். முதலதும் இரண்டாவதும் சமம். இரண்டாவதும் மூன்றாவதும் சமம். முதலதும் மூன்றாவதும் சமமல்ல. முதலதிலிருந்து வகைப்படுத்தின் இடைநின்றது முதலதோடு சேரும். இறுதியிலிருந்து தொடங்கின் மூன்றாவதோடு சேரும். பொருள் மாறாதிருக்கவும், எண்ணும் வரிசையால் வகை மாறுகின்றது. ஈரம் மிகின் எரிவெப்பம் குறையுமாதலின், இவ்வகைப்பாடு சிறு செய்தியன்று.

மற்றுமொன்று: சமமான பொருள்களுக்குத் தேடற்குறியெண்ணும் ஒன்றாதல் வேண்டும். இவ்விதி ஏறத்தாழ ஒப்புக்குப் பொருந்தாது. பைதானில் ஒரு வகுப்பின் சமக்குறியை மட்டும் வரையறுத்துக் குறியெண்ணை வரையறுக்காது விடின், அதன் பொருள்களை அகராதித் திறவாக வைத்தல் இயலாது.

இனி, ஏற்ற வழி யாது? சமக்குறியை அதன் இயல்பில் விடுத்து, ஒப்புக்குத் தனிச்செயல் வகுத்தலே. 2015-இல் வெளிவந்த பைதான் 3.5 ‘இஸ்குளோஸ்’ என்னும் செயலைச் சேர்த்தது. அதன் இயல்பான பொறுதி நூறு கோடியில் ஒரு பங்கு. இஃது எண்ணின் பருமைக்கேற்ப விரியும். சுழியோடு ஒப்பிடுங்கால் இவ்வளவை பயன்படாது; ஆண்டுத் தனியளவை ஒன்றை நிரலரே தருதல் வேண்டும்.

சமம் என்பது வேறு. ஒப்பு என்பது வேறு. ஒப்புரைப்போர் அளவையும் உடன் உரைத்தல் வேண்டும் என்பதே எம் துணிபு.