தோட்டம் போடும் முன் கம்ப்யூட்டரில் வாட்டம் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் கேம்ஸ் விளையாடுகிறார்கள், இரண்டாவது மாதம் போட்டோக்களை அடுக்குகிறார்கள். அதன் பிறகு "இதை வைத்து வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும். வீட்டைச் சுற்றி நாலு சென்ட் காலி இடமும் தோட்டம் போடும் எண்ணமும் இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். இதற்குத் தேவையான மூன்று புரோகிராம்களும் இலவசம்தான்.

தோட்டம் என்றதும் செடி, புல்தரை என்றே நினைக்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். மழை எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியாமல் மண்ணைக் கொட்டினால், ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் வீட்டுச் சுவரைத் தேடி வரும். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவராக இருந்தால் ஈரம் ஏறிக் காரை பொரிந்து விழும். செடி பட்டுப்போனால் வேறு செடி வைக்கலாம். அஸ்திவாரத்தில் தண்ணீர் இறங்கினால் என்ன செய்வது?

இதை நன்றாகப் புரிந்துகொள்ள ஓர் ஊர் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ள கானாடுகாத்தான். செட்டிநாட்டு அரண்மனை உள்ள ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். 2014ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம் பெற்றன. சுற்றுலா வருகிறவர்கள் தேக்குத் தூண்களையும் பளிங்குத் தரையையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது வாட்டம். வீடு தெருவை விட உயர்ந்த மேடையில் நிற்கும். பூம்புகாரில் கடல் கொண்ட பழைய நினைவுதான் இந்த உயரத்துக்குக் காரணம் என்று சொல்வதுண்டு. ஓட்டுக்கூரையில் விழும் மழை உள்ளே முற்றத்துக்கு இறங்கும். சேமிக்க வேண்டியதைச் சேமித்தது போக மீதி கால்வாய் வழியாக வெளியேறி ஊருணிக்குப் போய்ச் சேரும். தெருக்களும் அந்த ஓட்டத்துக்கு ஏற்றபடியே போடப்பட்டுள்ளன. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் செய்த வேலை இது!

கூகுள் எர்த்தில் தொடங்குங்கள்

கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளவும். தேடல் பெட்டியில் கானாடுகாத்தான் என்று டைப் செய்து என்டர் தட்டினால், பூமிப் பந்து சுழன்று நேராக அந்த ஊரின் மேல் போய் நிற்கும். கட்டம் போட்ட தெருக்களும், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் நீளமான வீடுகளும், நடுவில் முற்றங்களும், ஊருணிகளும் மேலிருந்து தெளிவாகத் தெரியும். பார்த்து முடித்ததும் உங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

மேலே டூல்பாரில் உள்ள கடிகாரப் படத்தைக் கிளிக் செய்தால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும். மழைக்காலத்தில் எடுத்த படம் கிடைத்தால் விடாதீர்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று அதுவே சொல்லிவிடும். பிறகு ரூலர் படத்தைக் கிளிக் செய்து, பாலிகான் என்ற டேபைத் தேர்ந்தெடுத்து, இடத்தின் மூலைகளில் வரிசையாகக் கிளிக் செய்யவும். பரப்பளவு வந்துவிடும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 70 அடிக்கு 40 அடி கொல்லை என்றால் சுமார் 260 சதுர மீட்டர். ஒரே இரவில் 50 மி.மீ. பெய்தால் 13,000 லிட்டர். கூரைத் தண்ணீர் தனி. இவ்வளவும் எங்கே போகும் என்பதற்கு உங்கள் பிளானில் பதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003லேயே மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டதும் நினைவிருக்கட்டும்.

கூகுள் எர்த்தில் ஒரு கோடு வரைந்து, அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ எலிவேஷன் புரொஃபைல்' கொடுத்தால் மேடு பள்ளம் படமாக வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வீட்டுக் கொல்லைக்கு அதை நம்பாதீர்கள். இத்தகைய உயரக் கணக்குக்கு உதவும் தகவல்களில் முக்கியமானது, 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. அதில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். உயரத்திலேயே சில மீட்டர் பிழை இருக்கலாம். ஊர் எந்தத் திசையில் சரிகிறது என்று அறிய அது போதும்; மூன்றடி வாட்டத்தை அது காட்டாது.

கொத்தனாரிடம் கேட்டு வாங்குங்கள்

அதற்கு டியூப் லெவல்தான் சரி. தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. சுவரில் ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் தண்ணீரை அந்தக் கோட்டில் நிறுத்தச் சொல்லி ஒருவரைப் பிடிக்க வையுங்கள். மறு முனையுடன் நீங்கள் 10 அடிக்கு ஒரு முளை அடித்து, தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை டேப்பால் அளக்கவும். அளவு கூடினால் அங்கே தரை தாழ்ந்திருக்கிறது என்று பொருள்.

இதை எக்செல்லில் அல்லது இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஏற்றுங்கள். முதல் காலத்தில் தூரம், இரண்டாவதில் அளவு. இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். 2 அடி 6 அங்குலத்தை 2.6 என்று டைப் செய்தால் கம்ப்யூட்டர் அதை 2 அடி 7 அங்குலத்துக்குச் சற்று மேல் என்று எடுத்துக்கொள்ளும். 2 அடி 10 அங்குலத்தை 2.10 என்று அடித்தாலோ 2.1 ஆகிவிடும்! தூரம், அளவு இரண்டையும் அங்குலத்திலேயே எழுதிவிடுங்கள். மூன்றாவது காலத்தில் சமக்குறி போட்டு, இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை இடைத்தூரத்தால் வகுத்து 100ஆல் பெருக்கவும். செல்லின் வலது கீழ் முனையை மவுஸால் பிடித்து இழுத்தால் மற்ற வரிகளுக்கும் கணக்கு தானாக ஓடும்.

சுவரருகே 24 அங்குலம், 70 அடி தள்ளி 66 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை அடி இறக்கம், அதாவது 5 சதவீதம். 5 டிகிரி என்று நினைத்துவிட வேண்டாம். இது 3 டிகிரிகூட இல்லை. கண்ணுக்குச் சமதரை போலத்தான் தெரியும்.

மட்டமாக்கலாமா, படியாக்கலாமா?

சுவரை ஒட்டிய 10 அடியைத் தொடாமல் அப்படியே விடுங்கள். தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓட அந்த வாட்டம் வேண்டும். மீதி 60 அடியை ஒரே மட்டமாக்கினால் 40 அடி அகலத்துக்கு 900 கன அடி, அதாவது 9 யூனிட் மண் வெட்ட வேண்டும். அதையே 20 அடிக்கு ஒரு மேடையாக மூன்று படி செய்தால் 3 யூனிட் போதும். வெட்டிய மண் அங்கேயே நிரப்பவும் ஆகிவிடும். மேடைக்கு மேடை ஓர் அடிதான் இறக்கம் என்பதால் கருங்கல் அடுக்கினாலே நிற்கும். கல்லுக்கு இடையே தண்ணீர் கசிய வழி விட வேண்டும். சிமென்ட் வைத்து அடைத்தால் பின்னால் ஈர மண் தள்ளும். ஓரத்தில் வெட்டிவேர் நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

ஏற்காடு, கொடைக்கானல் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மண் வெட்டுவதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றி விசாரியுங்கள். உயரமான தாங்கு சுவருக்கு இன்ஜினியர் அவசியம்.

வெயில் எந்தப் பக்கம்?

படம் வரைய ஸ்வீட் ஹோம் 3டி என்ற புரோகிராம் எளிது. கூகுள் எர்த்தில் சேமித்த படத்தை பேக்கிரவுண்ட் இமேஜாக ஏற்றி, அளவு தெரிந்த ஒரு சுவரின் நீளத்தைக் கொடுத்தால் மற்றதெல்லாம் சரியான அளவுக்கு வந்துவிடும். கடைசி மேடையைப் பூஜ்யமாக வைத்து, 'ஆட் லெவல்' மூலம் அடுத்ததற்கு 1 அடி, மேல் மேடைக்கு 2 அடி எலிவேஷன் கொடுக்கவும். திசைகாட்டிப் படத்தை டபுள் கிளிக் செய்து உங்கள் ஊரைக் குறித்துவிட்டால், எந்தத் தேதியில் எந்த நேரத்தில் நிழல் எங்கே விழும் என்று போட்டோ எடுத்துப் பார்க்கலாம்.

இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்கள் தெற்குப் பக்கம்தான் வெயில் என்று சொல்லும். கானாடுகாத்தான் 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே சித்திரை தொடங்கி ஆவணி வரை உச்சி வெயில் சற்று வடக்கிலிருந்துதான் விழும். வடக்குச் சுவரோரம் நிழல் என்று நம்பி வைத்த செடி அக்கினி நட்சத்திரத்தில் கருகும். முருங்கையும் அரளியும் தாங்கும். மென்மையான தொட்டிச் செடிகளுக்கு வேறு இடம் பாருங்கள்.

பிளான் முடிந்ததும் இரண்டு பிரின்ட் எடுத்து, தண்ணீர் ஓடும் திசையைச் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டு, ஒன்றைக் கொத்தனாரிடம் கொடுத்துவிடுங்கள். ஃபைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள். அடுத்த மழையில் குடையுடன் கொல்லைக்குப் போய், அம்புக்குறி காட்டிய வழியில்தான் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்து அதே ஃபைலில் திருத்திக்கொள்ளலாம்.