பூட்டிய வீடும் திறக்கிற கையும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நிலைக்கதவு, தேக்குத் தூண், எனாமல் சட்டி, சாமி படம், யாரோ ஒருவரின் கல்யாண போட்டோ, எல்லாம் தனித்தனியாக விலைக்குக் கிடைக்கின்றன. வீடு என்கிற பிரதி அங்கே எழுத்தெழுத்தாகப் பிரித்து விற்கப்படுகிறது.

ஏன் பிரித்தார்கள்? இந்த வீடுகள் எழும்பிய பணத்தில் பெரும்பகுதி கடல்தாண்டிய வட்டிக்கடைப் பணம். 1930களின் மந்தத்தில் நெல் விலை சரிந்து பர்மிய விவசாயி கடனைக் கட்ட முடியாமல் போனபோது நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938வாக்கில் அது 25 விழுக்காடு. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. 1948க்குப் பின் விடுதலை பெற்ற பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கியது. பணம் வந்த வழி அடைபட்டது. கட்டிய வீடு நின்றுவிட்டது. ஆக, காரைக்குடி வீட்டின் இடிபாட்டை விளக்க ஐராவதிக் கரையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆனால் 'கைவிடப்பட்ட' என்பதும் முழுக்கச் சரியில்லை. வளவைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அறை. கோயில் கணக்கில் ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. தலைமுறை தாண்டத் தாண்டப் புள்ளிகள் பெருகி, சென்னை, சிங்கப்பூர் என்று சிதறிவிட்டன. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கதவு திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டு. ஒழுகுகிற ஓட்டை மாற்றக்கூடப் பங்காளிகள் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் மழை உள்ளே வந்துவிடும். பிரிக்க முடியாத வீட்டை மரமாகவும் கல்லாகவும் பிரித்துவிடுவது சுலபமான பாகப்பிரிவினையாகிப் போனது.

இன்னொரு வழி விடுதி. கானாடுகாத்தானில் தகப்பனார் மகளுக்காகக் கட்டியதாகச் சொல்லப்படும் விசாலம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் இன்று விருந்தினர் தங்கும் இடங்கள். இதில் நல்லது இல்லையென்று சொல்ல முடியாது. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்கு வேலை கிடைக்கிறது. கண்ணாடிமேல் வார்த்துக் கையால் செய்கிற ஆத்தங்குடிக் கல்லுக்குக் கிராக்கி இருக்கிறது. இடித்துப்போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி வேறு. இந்த வீடு எப்போதுமே ஆட்களைத் தரம் பிரிக்கிற எந்திரமாகத்தான் வேலை செய்தது. வருகிறவர் முகப்போடு நிற்பதா, வளவுவரை வருவதா என்பதைச் சாதியும் உறவும் தீர்மானித்தன. பெண்களுக்குப் பின்கட்டு. இன்று அந்தத் தீர்மானத்தை அறை வாடகை செய்கிறது. வாசலில் ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். வளவு பார்வைப்பொருளாகிறபோது, அதற்குப் பணம் தந்த பர்மிய வயலும், பூச்சை மெருகேற்றிய கையும், அடுப்படிப் புகையும் பார்வையிலிருந்து விலகிவிடுகின்றன. 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்ததே 'தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள்' என்ற தலைப்பில்தான். மற்றவர்கள் எந்தக் கிராமத்தில் இருந்தார்கள்?

நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற பெயர்ப்பலகை ஓவியர் தன் வீட்டில் பழைய தமிழ்ப் புத்தகம், இதழ், நோட்டீஸ் என்று சுமார் ஒரு லட்சம் அச்சுப் பிரதிகளைச் சேர்த்தார். கட்டடக் கலைஞர் யாரும் வந்து அந்த வீட்டை மாற்றவில்லை. புத்தகம் வந்தது, தேடிப் படிக்க ஆள் வந்தது, வீடு நூலகமாகிவிட்டது. 1992இல் அவர் இறந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை வாங்க, 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. புத்தகங்கள் பிழைத்தன, நாமெல்லாம் அதனால் பயன்பெறுகிறோம். கோட்டையூர்க்காரர் மட்டும் தன் ஊர்ப் புத்தகத்தைப் பார்க்கச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டும்.

ஆகவே 'மறுவாழ்வு' என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று கேட்போம். பங்காளிகள் கூடி விடுதிக்கு ஒப்பந்தம் போடுகிற அன்றைக்கே, முகப்பை ஒட்டிய ஓர் அறையைத் தெருவுக்கென்று எழுதிவைக்கலாம். பள்ளிவிட்டு வரும் பிள்ளை வாடகை இல்லாமல் உட்கார்ந்து படிக்கட்டும். அந்தப் பிள்ளையின் தாத்தா அந்த வாசலைத் தாண்ட முடியாதவராக இருந்திருந்தால், அந்த வீடு உண்மையாகவே வேறொன்றாகிவிட்டது என்று அப்போது ஒப்புக்கொள்ளலாம்.