பழைய வண்டியும் பாவித்த பாகமும்

1990ஆம் ஆண்டுக்குப் பின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் முதலிய பல பொருள்கள் செல்வது தடைப்பட்டிருந்த காலத்தில், அங்கே வாடகைக்கு ஓடிய கார்களுட் பல ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளே. சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய அவ்வண்டிகளுக்கு, வளவுகளில் ஓடாமற் கிடந்த ஏனைய வண்டிகளே உதிரிப்பாகக் களஞ்சியமாயின.

இது கைகூடியதற்கு ஒரு காரணமுண்டு. ஒஸ்ரினும் மொறிஸும் 1952ஆம் ஆண்டில் ஒரே நிறுவனமாக இணைந்தன. அதன் பயனாக ஒஸ்ரின் கேம்பிறிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்போட்டிலும் 1489 சி.சி. யந்திரமே பொருத்தப்பட்டது. ஒஸ்ரின் ஏ 30இன் 803 சி.சி. யந்திரம் மொறிஸ் மைனருக்கும் வந்தது. முகம் வேறாயினும் வயிறு ஒன்றே. எனினும் மைனரின் யந்திரம் பின்னர் 948 ஆகவும் 1098 ஆகவும் வளர்ந்தமையால், வண்டியின் பெயரை மட்டும் சொல்லிப் பாகம் வாங்கியவர் ஏமாந்ததும் உண்டு. கழற்றிய பாகத்தைக் கையிலெடுத்துச் சென்று, அதிற் பொறித்த இலக்கத்தோடு ஒப்பிடுவதே அன்றும் இன்றும் நல்ல வழி.

கொழும்பிலே பஞ்சிகாவத்தை இவ்வியாபாரத்துக்குப் பேர்போன இடம். 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்கள் 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், இருக்கும் வண்டியைப் பேணுவது பலருக்குப் பிழைப்பின் பிரச்சினையாயிற்று. ஒரே காரை நம்பிக் குடும்பம் நடத்தும் சாரதிக்கு, புதுப்பாகத்தின் விலைக்கும் பாவித்ததின் விலைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

ஆனால், விலையை மட்டும் பார்ப்பவர் பாதிக் கணக்கையே பார்க்கின்றார். மறுபாதி கூலி. கதவு, கண்ணாடி, பம்பர், ஆசனம் ஆகியவற்றைப் பாவித்ததாகவே வாங்கலாம்; பிழைத்தாலும் எளிதிற் கழற்றிவிடலாம். கதவிலும் மட்காட்டிலும் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தல் நன்று. காந்தம் ஒட்டாத இடத்திற் பெரும்பாலும் பூச்சுக்கு அடியில் தகடு இராது, பட்டியே இருக்கும். ஸ்ராட்டர் மோட்டாரைக் கடையிலேயே பற்றரியில் இணைத்துச் சுற்றவிட்டுப் பார்க்கலாம். கியர்ப் பெட்டியாயின் அதன் எண்ணெயைச் சிறிது வடித்து, விரல்களிடையே தேய்த்துப் பார்ப்பார் அனுபவமுள்ள மெக்கானிக். இரும்புத் துகள் மினுங்கினால் அப்பெட்டியைத் தொடவே மாட்டார்.

கிளச்சுத் தட்டின் கதையோ வேறு. அதை மாற்றக் கியர்ப் பெட்டியைக் கழற்றியே ஆகவேண்டும். பாவித்த தட்டொன்றை மலிவாக வாங்கி, சில மாதங்களில் அது தேய்ந்துபோனால், அதே கூலியை மீண்டும் கொடுக்க நேரிடும். எண்ணெய்ச் சீல், கஸ்கற், ரைமிங் பெல்ற் என்பனவும் இவ்வினத்தவையே. விலை சிறிது, அவற்றை எட்டும் உழைப்புப் பெரிது.

பிரேக்கிலும் ஸ்ரியறிங்கிலும் கூலிக் கணக்குக்கூட வேண்டியதில்லை. பிரேக் குழாயின் ரப்பர் வெளியே கறுப்பாய் மினுங்கினும் உள்ளே பிளந்திருக்கக்கூடும். கண்ணாற் கண்டுபிடிக்க இயலாது. கண்டி வீதியிற் கடுகண்ணாவை இறக்கத்தில் அது வெடித்தால், மிச்சம் பிடித்த பணம் எதற்கு உதவும்? பழைய ரயரும் அவ்வாறே. பூ தேயாதிருந்தாலும் ரப்பர் மூப்படைந்திருக்கும். விபத்திற்பட்ட வண்டியின் ஆசனப்பட்டி ஒருமுறை இழுபட்டிருக்குமாதலால், அதையும் விட்டுவிடுதல் வேண்டும்.

முன்விளக்கில் ஒரு நுட்பம் உண்டு. யப்பானிலும் இலங்கையைப் போல வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்கின்றன. ஆகையால் அங்கிருந்து வரும் விளக்குகள் இங்கு பொருந்தும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கெனச் செய்யப்பட்டவை எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும்.

முழு யந்திரத்தையே மாற்றுவோர் கடைக்காரரிடம் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குதல் அவசியம். திருட்டு வண்டியின் யந்திரமும் சந்தைக்கு வருவதுண்டு. புதிய யந்திர இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவுசெய்யாது விட்டால், வண்டியை விற்கும் நாளில் இலக்கமும் பதிவுப் புத்தகமும் பொருந்தாமல், வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.